தோட்டமும் திடலும் – 17: மலையில் பிறந்தவர், குளத்தில் வளர்ந்தவர்

சென்ற இதழை ஓட்டக்களத்தோடு நிறுத்தியிருந்தோம். 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வென்ற டாக்டர் எம். ஜெகதீசன், அதே போட்டியில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜாமணி, 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் முதலாவதாக வந்த பி. ராஜ்குமார் என்று மலேசியத் தமிழர் கால்களால் எழுதிய வரலாற்றைப் பார்த்தோம். பந்தாட்டம், ஹாக்கி, பூப்பந்து எதை எடுத்தாலும் நம்மவர் பெயர் நாலாவது சொல்ல முடியும்.

நீச்சல் என்று வரும்போது அந்தப் பட்டியல் மெலிந்துவிடுகிறது. அதிலும் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் நாட்டின் சார்பில் நீச்சல் குளத்தில் இறங்கிய கதையைச் சொல்லத் தொடங்கினால் பேச்சு தடைப்பட்டுப் போகிறது. ஏன்? நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஆகாதா? உடம்பு ஒத்துவராதா? அப்படியெல்லாம் இல்லை என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே சான்றாக இருக்கிறது. மலை மாவட்டத்தில் பிறந்து, தமிழ்நாட்டில் ஒரு தொழிலாளர் நகரத்தின் குளத்தில் நீந்தப் பழகி, இந்திய நீச்சலில் அதுவரை எவரும் தொடாத கோட்டைத் தொட்ட சஜன் பிரகாஷ் அவர். அவர் கதையைக் கேமரன் மலையின் கதையோடு சேர்த்து வைத்துப் படிப்பதுதான் இந்த இதழின் வேலை.

மலைக்கு வந்த தேயிலை

1885-இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் பகாங் மலைத்தொடரில் ஒரு மேட்டுநிலத்தைக் கண்டு குறிப்பு எழுதினார். அவர் பெயர் நிலைத்தது. இடமோ நாற்பது ஆண்டுகள் காடாகவே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்த பிறகுதான் இதை மலைவாசத் தலமாக்கும் பேச்சு வலுத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ஹாபு பகுதியில் நிலம் பெற்று, ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1931-இல் முடிந்தது. அதன் பிறகு மலை வேகமாக நிறம் மாறியது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தோட்டங்களின் பெயர்கள் ஊர்களின் பெயர்களாகவே நிலைத்தன.

காட்டை வெட்டியவரும் நாற்று நட்டவரும் கொழுந்து பறித்தவரும் பெரும்பாலும் தமிழர்கள். கீழே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் பழகிய குடும்பங்களும் மேலே வந்தன. நேராகத் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. முதுகில் கூடை, இடுப்பில் முரட்டுத் துணி, விடியற்காலைப் பனியில் விறைத்துப்போகும் விரல்கள் என்று ஒரு தலைமுறை கழிந்தது. பின்னால் கைக்கு மாற்றாகக் கத்தரி வந்தது, அதன் பின் இயந்திரம் வந்தது. இன்று கொழுந்து பறிப்போரில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் பலர். தமிழ்க் குடும்பங்கள் பல ரிங்லெட், தானா ராத்தா, ஈப்போ என்று இறங்கிவிட்டன. ஆனாலும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இன்னமும் அங்கே மணியடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

தோட்டத்தில் எது எது எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் சட்டத்தால் வந்தது. 1923-இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. மாரியம்மன் கோயில் மக்களின் காசில் வந்தது. திடல், நிர்வாகம் மனம் வைத்ததால் வந்தது. துரைமார்களுக்குப் பந்து விளையாட்டில் பிரியம். ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து ஆட விட்டால் அடுத்த நாள் வேலை நன்றாக நடக்கும் என்பது அவர்கள் கணக்கு. சரிவான மலையில் சமதளம் கிடைப்பது அரிது என்றாலும், ஒரு பக்கம் வெட்டி இன்னொரு பக்கம் கொட்டி ஒரு திடலைச் செய்துவிடலாம். அந்தத் திடலில் ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். பந்தே இல்லாவிட்டாலும் ஓடலாம், சடுகுடு ஆடலாம். நம்மவர் ஓட்டத்திலும் பந்திலும் எழுந்து நின்றதற்கு அடித்தளம் இதுதான்.

நீச்சல் குளம் இந்த மூன்று வழியிலும் வரவில்லை. சட்டம் கேட்கவில்லை, மக்களிடம் காசில்லை, நிர்வாகம் அதை ஒரு தேவையாகவே எண்ணவில்லை.

நீருக்கா பஞ்சம்?

கேமரன் மலையில் தண்ணீருக்குக் குறைவில்லை. பெர்தாம் ஆறும் தெலோம் ஆறும் ஓடுகின்றன. தானா ராத்தாவை அடுத்து ராபின்சன் அருவி இருக்கிறது. 1963-இல் ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்தது. மலைத் தண்ணீரைக் குகைக்குழாய்களில் பேராக் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கும் பெருந்திட்டத்தின் நடுநாயகம் அது. மேலே மலைச்சரிவுகளைத் தோண்டிக் காய்கறி பயிரிடப் பயிரிட, மழைக்கு மண் கரைந்து வந்து அந்த நீர்த்தேக்கம் தூர்ந்துபோகிறது. அந்த நீர் விளக்கெரியப் பயன்படும். பிள்ளை இறங்கி நீந்த அது இடமில்லை.

மலைவாசிகளுக்கு அணை என்றால் வேறு நினைவும் உண்டு. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து, கனமழையில் நிறைந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. உயிர்களும் போயின. அப்படி ஓர் இரவைப் பார்த்த ஊரில், ஆற்றுப் பக்கம் போன பிள்ளையைத் தாய் அடித்து இழுத்து வருவாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. நீரைக் கண்டு அஞ்சும் பழக்கம் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளையையும் கரையிலேயே நிறுத்துகிறது.

குளிர் இன்னொரு காரணம். போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கேமரனில் பகல் வெப்பமே 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம், இரவில் அது வெகுவாகக் குறைந்துவிடும். நீரைச் சூடேற்றாமல் அங்கே ஆண்டு முழுவதும் பயிற்சி நடக்காது. சூடேற்றுவதற்கு ஆகும் மின்கட்டணம், தோட்டத்துப் பெற்றோர் சங்கம் கனவிலும் எண்ண முடியாதது. சரி, கீழே போய்ப் பழகலாம் என்றால் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. நீச்சலில் மேலே வர நினைக்கும் பிள்ளை விடியுமுன் ஒரு வேளை, பள்ளி விட்டு ஒரு வேளை என்று நீரில் இறங்க வேண்டும். அந்தச் சாலையில் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் பிள்ளை எப்போது படிக்கும், எப்போது தூங்கும்?

குளம் கட்டியவர்கள்

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முதலில் நீச்சல் கழகம் வைத்துக்கொண்டவர்கள் ஐரோப்பியர்கள். 1894-இல் தொடங்கிய சிங்கப்பூர் நீச்சல் கழகத்தின் வாசல் பல பத்தாண்டுகள் ஆசியர்களுக்குத் திறக்கவில்லை. சீனச் சமூகம் அந்த வாசலில் காத்து நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தனக்கென நீச்சல் கழகங்களை அமைத்துக்கொண்டது; சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீன நீச்சல் கழகங்கள் வளர்ந்தன. 1950-களில் கோலாலம்பூரில் சின் வூ அரங்கம் எழுந்தபோது அதோடு நீச்சல் குளமும் எழுந்தது. வணிகரும் சங்கங்களும் பொதுமக்களும் கொடுத்த நன்கொடை அதன் பின்னால் இருந்தது.

பலன் கண்முன் வந்தது. 1951-இல் புதுடில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூரின் நியோ சுவீ கோக் நான்கு தங்கம் வென்றார். பின்னர் மலேசிய நீச்சலின் பெரும்பகுதிப் பெயர்கள் சீனப் பெயர்களாக இருந்ததில் வியப்பில்லை. 1980-களில் நூருல் ஹூடா அப்துல்லா தென்கிழக்காசியப் போட்டிகளில் மட்டும் 22 தங்கம் வென்று அந்த வரிசையை உடைத்தார். 1998 காமன்வெல்த் போட்டிக்காகப் புக்கிட் ஜாலிலில் தேசிய நீர் விளையாட்டு மையம் வந்தது. எல்லாமே நகரங்களில் வந்தவை.

நம் சமூகம் சும்மா இருந்தது என்று சொல்லிவிட முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள் நம் தொழிலாளர்கள். வீடும் வேலையும் பறிபோகும் வேளையில் நிலத்தைக் காப்பதுதான் முதல் கடமை, அதைச் செய்தார்கள். குளம் கட்டும் நேரம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இடுக்கியிலிருந்து நெய்வேலிக்கு

இனி கடல் தாண்டுவோம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைப் பார்த்தவர்கள் கேமரன் மலையை நினைக்காமல் இருக்க முடியாது. மூணாறு சரிவெங்கும் தேயிலை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நடுவே ஒரு பேரணை, அதன் நீரில் மின்சாரம். அந்த மாவட்டத்தில் 1993 செப்டம்பர் 14 அன்று பிறந்தவர் சஜன் பிரகாஷ்.

அவர் இடுக்கியிலேயே வளர்ந்திருந்தால் நீச்சல் வீரராகி இருப்பாரா என்பது ஐயம்தான். அவர் தாய் வி. ஜே. சாந்திமோள் ஓட்டப்பந்தய வீராங்கனை, நாட்டின் சார்பில் ஓடியவர். விளையாட்டுத் தகுதியால் அவருக்கு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மகனைத் தனியாளாக வளர்த்தார். ஆகவே சஜனின் பிள்ளைப் பருவம் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில், தமிழ்ப் பிள்ளைகளோடு கழிந்தது.

நெய்வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1956-இல் அரசுத் துறை நிறுவனமாகத் தொடங்கியது அந்த நிலக்கரிச் சுரங்கம். மண்ணைத் தோண்டும் வேலைக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தபோது அவர்களுக்காக ஒரு நகரியத்தையே நிறுவனம் அமைத்தது. எண் போட்ட வட்டங்கள், நேரான தெருக்கள், வீட்டுக்கு வீடு மரம், பள்ளிகள், மருத்துவமனை, நூலகம், விளையாட்டரங்கம், கூடவே நீச்சல் குளம். சுரங்கத்தில் இறங்குபவரின் பிள்ளையும் அதிகாரியின் பிள்ளையும் அந்த நகரியத்துப் பிள்ளைகளே. வெயில் கொளுத்தும் ஊர் ஆதலால் நீரைச் சூடேற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

சாந்திமோள் மகனை அந்தக் குளத்துக்கு அழைத்துப் போனபோது அவருக்கு ஐந்து வயது அளவுதான். விளையாட்டாகத் தொடங்கியது பயிற்சியானது. தாய் தடகள வீராங்கனையாக இருந்தது இங்கே பெரிய துணை. ஓடுகளத்தில் நின்றவருக்கு ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு எத்தனை மாத உழைப்பு என்பது தெரியும். தோற்று வரும் பிள்ளையிடம் என்ன பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்பதும் தெரியும். நெய்வேலிக் குளத்தில் தேறிய பின் சஜன் பெங்களூருக்குச் சென்று, இந்தியாவின் முன்னணிப் பயிற்சியாளர் எஸ். பிரதீப் குமாரிடம் சேர்ந்தார். அந்த ஆசிரியர்–மாணவர் பிணைப்பு அவர் வாழ்க்கையின் மிக இக்கட்டான கட்டத்தில் கைகொடுத்தது.

இரு கையும் ஒருசேர

சஜனின் துறை வண்ணத்துப்பூச்சி பாணி, குறிப்பாக 200 மீட்டர். நீச்சல் பாணிகள் நான்கில் வயதில் இளையது இது. மார்பு நீச்சலின் ஒரு கிளையாக 1930-களில் உருவாகி, 1952-இல் தனிப் பாணியாக ஏற்கப்பட்டு, 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் போட்டியில் இடம்பெற்றது.

இதன் விதி சொல்ல எளிது, செய்யக் கடினம். இரு கைகளையும் ஒரே நேரத்தில் நீருக்கு வெளியே தூக்கி முன்னால் வீச வேண்டும். இரு கால்களும் பிரியாமல் ஒன்றாக மேலும் கீழும் அடிக்க வேண்டும். சுவரைத் தொடும்போது இரு கையும் ஒருசேரத் தொட வேண்டும். ஒரு கை முந்தினால் தகுதி நீக்கம். திரும்பியபின் நீருக்கடியில் 15 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. தடையற்ற பாணியிலும் மல்லாந்த நீச்சலிலும் ஒரு கை உழைக்கும்போது மறு கைக்குச் சிறு ஓய்வு கிடைக்கும். இதில் இரு தோளும் ஒன்றாக உழைத்து ஒன்றாகக் களைக்கும். 50 மீட்டர் குளத்தில் நான்கு நீளம். மூன்றாவது நீளத்தில் தோள் கனக்கத் தொடங்கும், இடுப்பு தாழும், கை நீரைவிட்டு எழ மறுக்கும். இடுப்பு ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் நீரின் தடை கூடும், அதை வெல்ல இன்னும் பலம் வேண்டும். கடைசி நீளத்தை யார் உருக்குலையாமல் நீந்துகிறாரோ அவரே முன்னால் வருகிறார்.

இந்தத் துறையில் இந்தியாவுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் கஜான் சிங் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சியில் வெள்ளி வென்றார். அதற்கு முன் 1951-இல் சச்சின் நாக் 100 மீட்டரில் வென்ற தங்கம்தான் ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியாவின் ஒரே தனிநபர் தங்கம். நூறு கோடிப் பேர் வாழும் நாட்டின் கணக்கு இது. குளம் எத்தனை அரிதோ அத்தனை அரிதாகத்தான் பதக்கமும் வந்தது.

2015-இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் சஜன் ஆறு தங்கமும் மூன்று வெள்ளியும் வென்று அந்தப் போட்டியின் நாயகனானார். கேரளக் காவல்துறை அவருக்கு வேலை கொடுத்தது. அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக். அங்கே அவர் போனது, நேரடித் தகுதி பெற்ற வீரர் இல்லாத நாடுகளுக்குத் தரப்படும் பொது ஒதுக்கீட்டில். 200 மீட்டரை 1 நிமிடம் 59.37 விநாடியில் நீந்தி 28-ஆவது இடத்தில் நின்றார். ஒலிம்பிக் நீச்சலில் நேரடித் தகுதிக்கு ‘ஏ’ நேரம் என்று ஒரு கோடு உண்டு. அதைத் தொட்டவருக்கு எவர் தயவும் தேவையில்லை. இந்திய நீச்சல் வீரர் எவரும் அதுவரை அந்தக் கோட்டைத் தொட்டதில்லை. ரியோவிலிருந்து திரும்பிய சஜனின் குறி அதுவானது.

வெள்ளமும் கழுத்தும்

2018 ஆகஸ்ட்டில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதே நாட்களில் கேரளம் 1924-க்குப் பிறகு காணாத வெள்ளத்தில் மூழ்கியது. இடுக்கி அணைத் தொகுதியின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. பெர்தாம் பள்ளத்தாக்கை அறிந்தவர்களுக்கு, அணைக்குக் கீழே வாழும் குடும்பங்களின் அந்த இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. இடுக்கியில் இருந்த சஜனின் உறவினர் சிலரைப் பற்றித் தகவல் ஏதும் கிடைக்காத நிலை. அந்தச் சுமையோடுதான் அவர் குளத்தில் இறங்கினார். இறங்கி இறுதிச்சுற்றுக்கு வந்தார். கஜான் சிங்குக்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து அந்தப் பிரிவின் இறுதிச்சுற்றில் ஓர் இந்தியர். 1 நிமிடம் 57.75 விநாடி, புதிய தேசியச் சாதனை, ஐந்தாம் இடம்.

கோடு நெருங்கி வந்த நேரத்தில் உடம்பு தடுத்தது. கழுத்தெலும்பின் தட்டு விலகியதால் இடது கையில் வலியும் பலவீனமும் வந்தன. இரு தோளும் சமமாக உழைக்க வேண்டிய பாணியில் ஒரு கை சோர்ந்தால் என்ன மிஞ்சும்? அப்போது அவர் அனைத்துலக நீச்சல் சம்மேளனத்தின் உதவித்தொகையில் தாய்லாந்தின் பூக்கெட்டில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது, எல்லைகள் மூடின, குளங்களும் மூடின. ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. நீச்சல் வீரர் மாதக்கணக்கில் நீரைத் தொடாமல் அந்நிய ஊரில் அடைபட்டுக் கிடந்தார். வயது 27-ஐ நெருங்கியிருந்தது.

2020 ஆகஸ்ட்டில் துபாய்க்குச் சென்று மீண்டும் பிரதீப் குமாரிடம் சேர்ந்தார். முதலில் மெல்ல நீந்துவது, கை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பார்ப்பது, பிறகு தூரத்தைக் கூட்டுவது, கடைசியில் வேகம். ஆசிரியர் அவசரப்படவில்லை, மாணவரும் அவசரப்படவில்லை. 2021 ஜூன் மாதம் பெல்கிரேடில் 1 நிமிடம் 56.96 விநாடி நீந்தினார். கோட்டுக்கு இன்னும் அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. தகுதிக்கான கடைசி நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன.

2021 ஜூன் 26, ரோம் நகரம், செத்தே கொல்லி நீச்சல் போட்டி. ‘ஏ’ நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. சஜன் சுவரைத் தொட்டபோது பலகை காட்டியது 1 நிமிடம் 56.38. வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒன்று. அவர் நீந்திய வேகத்தில் அதைத் தூரமாக்கினால் ஒரு சாணுக்கும் குறைவு. ரியோவிலிருந்து ரோம் வரை ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று விநாடியைக் குறைத்து, இந்திய நீச்சல் வரலாற்றில் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற்ற முதல் மனிதரானார். சில நாட்களில் பெங்களூரின் ஸ்ரீஹரி நடராஜும் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் அந்தத் தகுதியைப் பெற்றார். ஒருவர் தொட்டுக் காட்டிய பின் கோடு அத்தனை உயரமாகத் தெரிவதில்லை.

தோக்கியோ ஒலிம்பிக்கில் சஜன் 200 மீட்டரை 1 நிமிடம் 57.22 விநாடியில் நீந்தி 24-ஆவதாக வந்தார். 100 மீட்டரிலும் இறங்கினார். அரையிறுதிக்குப் போகவில்லை. அந்த 200 மீட்டரில் தங்கம் வென்ற ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக்கின் நேரம் 1 நிமிடம் 51.25 விநாடி. நேரத்தைத் தூரமாக்கினால் இடைவெளி ஏறத்தாழ பத்து மீட்டர். இந்த உண்மையை மறைக்க வேண்டியதில்லை. நூறாண்டுகளாகக் குளங்களையும் பயிற்சியாளர்களையும் சேர்த்துவைத்த நாட்டுக்கும், இப்போதுதான் சேர்க்கத் தொடங்கிய நாட்டுக்கும் உள்ள இடைவெளி அது. சஜன் அத்தோடு நிற்கவுமில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் தம் பிரிவின் இறுதிச்சுற்றில் நீந்தினார். 2024-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது.

நாம் செய்யக்கூடியது

சஜனின் வாழ்க்கையைத் திறமை, உழைப்பு, தாயின் தியாகம் என்ற மூன்று சொற்களில் முடித்துவிடுவது நம் மேடைப் பழக்கம். மூன்றும் உண்மை. ஆனால் இந்த மூன்றும் போ தோட்டத்திலும் சுங்கை பாலாஸிலும் இல்லையா? விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சமைத்துவைத்துவிட்டு மலையேறிய நம் தாய்மார்களின் தியாகம் எந்த வகையில் குறைந்தது? நெய்வேலியில் கூடுதலாக இருந்தவற்றில் முதன்மையானது இது: தொழிலாளியின் பிள்ளை உள்ளே போகக்கூடிய ஒரு குளம், அதன் கரையில் ஒரு பயிற்சியாளர். தேயிலையில் லாபம் பார்த்த எந்தத் துரையும் அதைக் கட்டவில்லை. நிலக்கரியில் லாபம் பார்த்த ஓர் அரசு நிறுவனம் கட்டியது. ஒரு பக்கம் ஒலிம்பிக் வீரர் வந்தார், மறுபக்கம் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு நீச்சல் வராது என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

இன்றைக்குக் கேமரன் மலையில் சூடேற்றிய குளம் கட்டுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அதைவிட எளிதான ஒன்றைக் கேட்கிறேன். ஈப்போவிலும் மற்ற நகரங்களிலும் பொதுக் குளங்கள் இருக்கின்றன. பள்ளி விடுமுறைகளில் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், முன்னாள் மாணவர்கள், கோயில் நிர்வாகங்கள் சேர்ந்து ஒரு பேருந்து ஏற்பாடு செய்து, பிள்ளைகளை ஒரு வாரம் கீழே தங்கவைத்து, தகுதிபெற்ற பயிற்சியாளரிடம் நீச்சல் கற்றுக்கொடுக்கலாம். திருவிழாவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். பெண் பிள்ளைகளையும் சேர்த்து அனுப்புங்கள். உடம்பு முழுவதும் மறைக்கும் நீச்சலுடை இப்போது எளிதாகக் கிடைக்கிறது, அதைக் காரணம் காட்டி அவர்களை நிறுத்தாதீர்கள்.

இதில் பதக்கம் கிடைக்குமா என்பது இரண்டாவது கேள்வி. 2021-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும் பகுதியினர் பிள்ளைகளும் இளையோரும். அணைக்குக் கீழும் ஆற்றோரத்திலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்திருப்பது உயிர்காக்கும் கல்வி. அந்தக் கல்வியை நூறு பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அவர்களில் ஒருவர் குளத்தைவிட்டு வெளியே வர மறுப்பார். அந்த ஒருவரை அடையாளம் கண்டு கைபிடித்து மேலே அனுப்ப நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். வாசகர்கள் தங்கள் பள்ளிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள்.

அடுத்த இதழில் குளத்தைவிட்டுக் கடலுக்குப் போகிறோம். 1971-இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தனைச் சந்திப்போம்.

(தொடரும்)